கன உலோகக் கழிவும் விதை முளைப்பும்

விதைத்த ஐந்தாம் நாள் வயலில் பச்சை தெரிந்தால் உழவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். முளைப்பு நன்றாக இருந்தால் பயிர் நன்றாக வரும் என்பது நாம் வழிவழியாகக் கண்ட அனுபவம். நல்ல மண்ணில் இது சரி. ஆனால் ஆலைக் கழிவு நீர் பாய்ந்த மண்ணில் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும். அங்கே விதை முளைக்கும். முளைத்த பின் பயிர் நிற்காது. பதினைந்தாம் நாள் இலை வெளுக்கும், வளர்ச்சி நின்றுவிடும். உழவர் விதையைக் குறை கூறுவார். விதைக் கடையில் சண்டையிடுவார். மீண்டும் விதை வாங்கி விதைப்பார். மஞ்சளைக் கண்டு யூரியா இடுவார். பணம் போகும், பருவமும் போகும். நோய் இருக்கும் இடம் வேறு என்பதை அறியாததால் வரும் இழப்பு இது.

தோல் பதனிடும் ஆலைகள், மின்முலாம் பூசும் பட்டறைகள், சாயப் பட்டறைகள், நகரச் சாக்கடை ஆகியவற்றின் கழிவு நீர் சேரும் ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றை நம்பிச் சாகுபடி செய்யும் உழவர்கள் இக்கட்டுரையைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

கன உலோகம் என்பது யாது?

ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராமுக்கு மேல் எடையுள்ள உலோகங்களைக் கன உலோகங்கள் என்று பொதுவாகக் கூறுவர். இவற்றுள் இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு ஆகியவை பயிருக்குச் சிறிதளவு தேவையான நுண்ணூட்டச் சத்துகள். நெல்லுக்கு நாம் துத்தநாக சல்பேட் இடுவது இதனால்தான். நிக்கல்கூட மிக மிகச் சிறிய அளவில் பயிருக்குத் தேவை. ஆனால் இவையும் அளவு மீறினால் நஞ்சாகும். குரோமியம், காட்மியம், காரீயம், பாதரசம் ஆகியவற்றால் பயிருக்கு எந்தத் தேவையும் இருப்பதாகக் கண்டறியப்படவில்லை.

பூச்சி மருந்து நாளடைவில் சிதையும். சாணமும் தழையும் மட்கும். உப்பு நல்ல நீரால் கழுவப்பட்டு வடியும். உலோகம் சிதையாது, மட்காது, எரித்தாலும் சாம்பலில் தங்கிவிடும். மேல் மண்ணில் ஒரு முறை சேர்ந்தது பேரப் பிள்ளைகள் காலம்வரை அங்கேயே இருக்கும். எனவே வந்த பின் போக்குவதைவிட வராமல் தடுப்பதே இதில் முதல் பாடம்.

பாலாற்றுப் படுகை தரும் பாடம்

நம் மாநிலத்தில் இதற்குக் கண்கண்ட சான்று பாலாற்றுப் படுகை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான தோல் பதனிடும் ஆலைகள் எழுந்தன. பச்சைத் தோல் கெடாமல் இருக்கச் சாப்பாட்டு உப்புத் தடவப்படுகிறது. அந்த உப்புக் கழுவப்பட்டுக் கழிவு நீரில் சேர்கிறது. பின்பு தோலைப் பதப்படுத்தக் குரோமிய சல்பேட் உப்புப் பயன்படுகிறது. அதில் ஒரு பகுதி தோலில் ஏறாமல் நீரோடு வெளியேறுகிறது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் கூறப்பட்டுள்ளது. இந்த நீரெல்லாம் பல ஆண்டுகள் சுத்தம் செய்யப்படாமல் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்த விவரம் அத்தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. இதே பகுதியின் பாதிப்புக் குறித்த மற்றொரு வழக்கில் 2025 ஜனவரி 30-ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இரண்டு தீர்ப்புக்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று பல ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுடன் இணைக்கப்பட்டுள்ளன. எனினும் முன்பு மண்ணில் படிந்த உலோகம் மண்ணை விட்டுப் போகவில்லை.

ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புத் தயாரித்து, 1990-களில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்தது. மழைக்காலத்தில் அங்கிருந்து கசிந்த நீர் மஞ்சள் நிறமாக இருந்தது. அந்த மஞ்சள் நிறத்தின் பொருளை உழவர்கள் அறிந்திருத்தல் நலம்.

குரோமியத்தின் இரு முகங்கள்

குரோமியம் மண்ணில் இரு வடிவங்களில் காணப்படுகிறது. ஒன்று மூவிணைதிறன் குரோமியம். தோல் பதனிடப் பயன்படுவது இதுவே. கார அமில நிலை 5.5-க்கு மேற்பட்ட மண்ணில் இது கரையாமல் படிந்துவிடும். பயிருக்கு எளிதில் கிடைக்காது.

மற்றொன்று அறுவிணைதிறன் குரோமியம். இது நீரில் நன்கு கரையும். கரைந்த நீர் மஞ்சளாகத் தோன்றும். மண்ணில் நிற்காமல் நீரோடு நகர்ந்து கிணற்றை எட்டும். பயிருக்கும் மனிதருக்கும் பெருங்கேடு விளைவிப்பது இதுவே. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்றும் நிறுவப்பட்டுள்ளது. பயிர் கந்தகச் சத்தை உறிஞ்சும் வழியிலேயே இந்நஞ்சும் வேருக்குள் நுழைகிறது.

ஒரு வடிவம் மற்றொன்றாக மாறக் கூடியது என்பதை உழவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மண்ணில் மட்கு மிகுதியாகவும் நீர் தேங்கியும் இருந்தால் அறுவிணைதிறன் குரோமியம் தீங்கு குறைந்த மூவிணைதிறனாக மாறுகிறது. மண் காய்ந்து காற்றோட்டம் பெறும்போது, மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு சிறு பகுதியை மீண்டும் நஞ்சாக மாற்றக் கூடும். பின்னால் கூறப்படும் மேலாண்மை முறைகள் இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டவை.

விதைக்குள் நடப்பது என்ன?

விதை நீரை உறிஞ்சிப் பருக்கிறது. உள்ளே அமைலேஸ் என்னும் நொதி சுரந்து, சேமித்து வைத்த மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சர்க்கரையை உண்டு கரு வளர்கிறது. முதலில் முளைவேர் வெளிவருகிறது. பின்பு முளைக்குருத்து எழுகிறது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வெளி உணவு தேவையில்லை அல்லவா? அதுபோல முளைக்கும் விதைக்கு மண்ணிலிருந்து நீரைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. விதை உறையும் ஓரளவு உலோகத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஆகவே மாசு மிகக் கடுமையாக இருந்தாலன்றி முளைப்பு விழுக்காடு பெரிதாகக் குறைவதில்லை. மாசு கடுமையாக இருந்தால் அமைலேஸ் நொதியின் வேலை மந்தமாகிறது. மாவு சர்க்கரையாக மாறுவதும் கருவுக்குப் போய்ச் சேர்வதும் குறைகின்றன. முளைப்புத் தாமதமாகிறது, குறைகிறது.

விதை உறையைக் கிழித்து வெளிவரும் முளைவேருக்கு எந்தக் கவசமும் இல்லை. அதன் நுனியில்தான் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அந்த நுனிதான் நஞ்சை முதலில் தொடுகிறது. செல் பிரிதல் தடைப்படுகிறது. வேர் நீளாமல் தடிக்கிறது, நுனி பழுப்பாகிறது, பக்க வேர்களும் வேர்த் தூவிகளும் குறைகின்றன. வேர் குட்டையானால் நீரும் சத்தும் மேலே வாரா. விதையிலிருந்த உணவு தீரும்வரை நாற்றுப் பச்சையாக நிற்கும். தீர்ந்ததும் வாடத் தொடங்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பயிர் கெடுவதன் காரணம் இதுவே.

ஆகவே கன உலோகப் பாதிப்பை அறிய முளைப்பை எண்ணினால் மட்டும் போதாது. வேரை அளக்க வேண்டும்.

வளர்ந்த பயிரில் தோன்றும் அறிகுறிகள்

1. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பகுதி மஞ்சளாகவும் காணப்படும். உலோகம் மிகுந்தால் இரும்புச் சத்து இலைக்குப் போய்ச் சேராததே காரணம். இதற்கு யூரியா மருந்தாகாது.

2. மண்ணில் ஈரம் இருந்தும் நண்பகலில் பயிர் வாடும்.

3. இலைகள் சிறுத்துப் பயிர் குட்டையாகும். தூர் கட்டுவது குறையும். பூக்கும் காலம் தள்ளிப்போகும். மணி பிடிப்பது குறையும்.

4. பயறு வகைகளில் வேர் முடிச்சுகள் குறைந்து காணப்படும். தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் நுண்ணுயிரும் உலோக நஞ்சால் நலிகிறது.

உப்பா, உலோகமா?

ஆலைக் கழிவு நீரில் உப்பும் உலோகமும் கலந்தே வருகின்றன. பாலாற்றுப் பகுதி நிலங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியும் கேட்டில் பெரும் பங்கு உப்பாலும் சோடியத்தாலும் விளைந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே பிரித்தறிய வேண்டும்.

உப்பினால் கேடு என்றால் மண் மேல் வெண்மையாகப் பூத்திருக்கும். முளைப்பே திட்டுத் திட்டாக இருக்கும். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகும். சோடியம் மிகுந்த களர் நிலமானால் நீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மண் கல்லாக இறுகும்.

உலோகத்தால் கேடு என்றால் முளைப்பு ஓரளவு சரியாக இருந்து, வேர் குட்டையாகிக் குருத்திலை வெளுக்கும்.

நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் அது நூற்புழு. வேர் அழுகி நாற்றமடித்தால் அது பூசண நோய். இவை இரண்டும் இன்றி, வேர் தடித்துக் குட்டையாகி நுனி பழுப்பாக இருந்தால் உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

கருவி எதுவும் இன்றி, ஓர் அளவுகோலை மட்டும் கொண்டு உழவர் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

தேவையானவை: மூன்று மண் தட்டுகள், நன்கு கழுவிய ஆற்று மணல், மருந்து கலக்காத பச்சைப்பயறு விதை 300. விதை ஒரே குவியலில் எடுத்ததாக இருத்தல் வேண்டும்.

முதல் தட்டுக்கு மழைநீர். இரண்டாம் தட்டுக்கு உங்கள் கிணற்று நீர். மூன்றாம் தட்டுக்கு மழைநீரில் சாப்பாட்டு உப்புக் கரைத்த நீர். உப்பு எவ்வளவு என்பதைக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை சொல்லும். லிட்டருக்கு 2 கிராம் உப்புக் கரைத்தால் மின் கடத்தும் திறன் ஏறத்தாழ 4 டெசிசைமன் வரும். அறிக்கையில் 2 என்று இருந்தால் 1 கிராம் போதும்.

ஒவ்வொரு தட்டிலும் 100 விதைகளை ஊன்றி, நிழலில் வைத்து, அந்தந்த நீரையே அளவாகத் தெளித்து வாருங்கள். ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். பின் ஒவ்வொரு தட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் பத்து நாற்றுகளை எடுத்துக் கழுவி, வேர் நுனி முதல் குருத்து நுனி வரை அளந்து சராசரி காணுங்கள். வேரின் நீளத்தைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள்.

முளைப்பு விழுக்காட்டை நாற்றின் சராசரி நீளத்தால் பெருக்கினால் வருவது வீரியக் குறியீடு. கணக்குப் புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: மழைநீரில் 92 விதைகள் முளைத்து நாற்றின் நீளம் 15 செ.மீ. இருந்தால் குறியீடு 1,380. கிணற்று நீரில் 86 விதைகள் முளைத்து நீளம் 7 செ.மீ. இருந்தால் குறியீடு 602. முளைப்பில் குறைந்தது 6 விதைதான். வீரியத்திலோ பாதிக்கு மேல் போய்விட்டது. முளைப்பை மட்டும் எண்ணியவர் நீர் நல்லது என்றே முடிவு செய்திருப்பார்.

இனி முடிவுகளைப் பொருத்திப் பாருங்கள்.

மழைநீரிலேயே முளைப்புக் குறைவு என்றால் விதையில்தான் குறை. சான்று விதையில் பச்சைப்பயறுக்கு 75 விழுக்காடும் நெல்லுக்கு 80 விழுக்காடும் முளைப்பு இருத்தல் வேண்டும். இதைக் கொண்டு விதைக் கடையில் முறையாகக் கேட்கலாம்.

கிணற்று நீர்த் தட்டும் உப்பு நீர்த் தட்டும் ஒன்றுபோல் இருந்தால் கேடு பெரும்பாலும் உப்பினால்தான்.

உப்பு நீர்த் தட்டைவிடக் கிணற்று நீர்த் தட்டில் வேர் மிகவும் குட்டையாக இருந்தால், அந்த நீரில் சாதாரண உப்பைத் தவிர வேறு நஞ்சு இருக்கிறது. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது.

மண்ணைச் சோதிக்கவும் இதே முறைதான். சந்தேக வயலின் மண்ணை ஒரு சட்டியிலும், கழிவு நீர் பாயாத அதே வகை மண்ணை மற்றொரு சட்டியிலும் இட்டு, இரண்டுக்கும் மழைநீரே ஊற்றி ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனை நஞ்சு உண்டா இல்லையா என்று காட்டுமே தவிர, எந்த உலோகம், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஆய்வகமே வேண்டும்.

மண், நீர் மாதிரி எடுத்தல்

வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்துகள், கார அமில நிலை, மின் கடத்தும் திறன் ஆகியவை அளக்கப்படுகின்றன. குரோமியமும் காட்மியமும் அதில் வாரா. கன உலோகப் பரிசோதனை வேண்டும் என்று தனியே கேட்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி வழி கேட்கலாம்.

வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப்போல் 15 செ.மீ. ஆழம் வெட்டி மண் எடுங்கள். மண்வெட்டி பட்ட பகுதியை மரச் சீவலால் சீவி ஒதுக்கிவிட்டு உள் மண்ணை எடுங்கள். முலாம் பூசிய கருவிகளும் தகர டப்பாக்களும் கூடா. அவற்றின் உலோகம் மாதிரியில் கலந்துவிடும். நிழலில் உலர்த்திக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ அளவாக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வாய்க்கால் மடையருகே ஒரு மாதிரி, கடைமடையில் ஒரு மாதிரி என்று தனித்தனியே எடுத்தால் நஞ்சு நீரோடு வந்ததா என்பது விளங்கும்.

கிணற்று நீரை மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பின் பிளாஸ்டிக் புட்டியில் பிடியுங்கள்.

அறிக்கையில் மொத்தக் குரோமியம் எவ்வளவு, பயிருக்குக் கிடைக்கும் வடிவில் எவ்வளவு, அறுவிணைதிறன் எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். மொத்த அளவு மிகுதியாக இருந்தும் கிடைக்கும் அளவு குறைவாக இருந்தால் அந்நிலத்தைத் தகுந்த முறையில் நடத்தலாம்.

நீண்ட காலப் பாசனத்துக்கு உலக உணவு வேளாண்மை நிறுவனம் பரிந்துரைத்த உச்ச அளவுகள் லிட்டருக்கு: குரோமியம் 0.1 மி.கி.; காட்மியம் 0.01 மி.கி.; நிக்கல் 0.2 மி.கி.; தாமிரம் 0.2 மி.கி.; துத்தநாகம் 2 மி.கி. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி.-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பாசனக் கிணற்றில் குரோமியம் இருப்பது தெரிந்தால் அந்நீரை வீட்டாரும் கால்நடையும் குடிப்பதை உடனே நிறுத்த வேண்டும். கொதிக்க வைத்தால் உலோகம் போகாது.

உழவர் செய்யத் தக்கவை

1. நஞ்சு வரும் வழியை அடைத்தல்: கழிவு நீர் ஓடையிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்காலை அடைத்துக் கரை உயர்த்துங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று ஆலைக் கசடையும் சாக்கடைச் சேற்றையும் வயலில் இடாதீர்கள். நகரக் குப்பை உரம் வாங்கினால் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதில் ஒரு கிலோவுக்குக் குரோமியம் 50 மி.கி., நிக்கல் 50 மி.கி., காரீயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. ஆகியவற்றுக்கு மேல் இருத்தல் கூடாது.

2. நல்ல நீரை இளம் பயிருக்கு ஒதுக்குதல்: முதல் மூன்று வாரமே வேருக்குக் கண்டம். விதை ஊற வைப்பதும் முளை கட்டுவதும் மழைநீரில் அல்லது மாசற்ற நீரில் இருக்கட்டும். பண்ணைக் குட்டையில் பிடித்த மழைநீர் குறைவாக இருந்தால் அதை விதைப்பு நீருக்கும் உயிர் நீருக்கும் வைத்துக்கொண்டு, வளர்ந்த பயிருக்கு மற்ற நீரைக் கலந்து பாய்ச்சலாம். பருவ மழையோடு ஒட்டி விதைப்பதும் இதே நோக்கில் நல்லது.

3. நாற்றங்காலை மாற்றுதல்: மாசு படாத நிலத்தில் ஐந்து சென்ட் கிடைத்தாலும் நாற்றங்காலை அங்கே அமையுங்கள். நன்கு வேர் பிடித்த நாற்று, மண்ணிலேயே முளைத்த செடியைவிட நஞ்சைத் தாங்கும்.

4. அங்கக உரம் இடுதல்: ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழு உரம் இடுங்கள். உவரையும் களரையும் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். மட்கு அறுவிணைதிறன் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றி மண்ணில் கட்டி வைக்கும். மட்கு தீர்ந்து மண் காய்ந்தால் ஒரு பகுதி திரும்பக் கூடும் என்று மேலே கண்டோம். ஆகவே இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

5. சுண்ணாம்பும் ஜிப்சமும்: காட்மியம், காரீயம், நிக்கல் ஆகியவை அமில மண்ணில் மிகுதியாகக் கரையும், அங்கே சுண்ணாம்பு இட்டால் கட்டுப்படும். அறுவிணைதிறன் குரோமியமோ கார மண்ணில் எளிதில் நகரும். ஆகவே குரோமியம் உள்ள நிலத்தில் பரிசோதனை இன்றிச் சுண்ணாம்பு இடாதீர்கள். ஜிப்சம் களரைத் திருத்தவே உதவும். அதையும் அறிக்கையில் கண்ட அளவு இட்டு, வடிகால் வெட்டி, நல்ல நீரால் கழுவினால்தான் பயன்.

6. நுண்ணூட்டம்: ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள். குருத்து வெளுத்தால் 0.5 விழுக்காடு இரும்பு சல்பேட் கரைசலை மாலை வேளையில் இலையில் தெளியுங்கள். இது நலிந்த பயிருக்குத் தாங்குதலே அன்றி நஞ்சைப் போக்கும் மருந்தன்று.

எந்தப் பயிர் தகும்?

குரோமியமும் காரீயமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இலைக்குக் குறைவாகவும் மணிக்கு மிகக் குறைவாகவும் செல்லும். காட்மியம் அப்படியன்று. இலைக்கும் மணிக்கும் எளிதில் ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் காட்மியம் பாசன நீர் வழியே நெல் வயலில் சேர்ந்தது. அந்த அரிசியை உண்டும் நீரைப் பருகியும் எலும்பு நலிந்து மக்கள் துடித்தனர். அவ்வலியின் பெயரையே நோய்க்குச் சூட்டி 'இடாய் இடாய்' என்றனர். 1968-இல் அந்நாட்டு அரசு அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது. அங்கே பயிர் பார்வைக்கு நன்றாகவே விளைந்தது என்பதை நாம் மறக்கலாகாது. பயிர் தாங்கிவிட்டது என்பதால் அதை உண்ணலாம் என்று பொருளாகாது.

ஆகவே மாசுள்ள நிலத்தில் கீரை, முள்ளங்கி, கேரட், கிழங்கு வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். கால்நடைத் தீவனமும் வேண்டா. பூச்செடிகள், சவுக்கு, தைல மரம், வெட்டிவேர் போன்ற உண்ணாப் பயிர்களுக்கு அந்நிலத்தை ஒதுக்குங்கள். வெட்டிவேரை மருந்துக்கோ குடிநீரில் இடுவதற்கோ விற்கக் கூடாது. உணவுப் பயிர் விளைத்தே தீர வேண்டும் என்றால் முதல் அறுவடையின் தானியத்தையும் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உண்ணுங்கள்.

கடுகு, சூரியகாந்தி போன்ற பயிர்கள் மண்ணின் உலோகத்தை உறிஞ்சி நிலத்தைச் சுத்தம் செய்யும் என்று சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். சில உலோகங்களுக்கு இது ஓரளவு உண்மை. வேரிலேயே தங்கும் குரோமியத்துக்கு இதனால் பெரும் பயன் இல்லை. எந்த உலோகமானாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அவ்வாறு வளர்த்த செடியை மாட்டுக்குப் போட்டாலும், எருக்குழியில் இட்டாலும், வயலிலேயே மடக்கி உழுதாலும் எடுத்த நஞ்சைத் திருப்பிக் கொடுத்ததாகவே முடியும்.

ஆவணம் காத்தல்

மண்ணையும் நீரையும் சோதித்த அறிக்கை, தேதி, புல எண், மாதிரி எடுத்த இடம் ஆகியவற்றை ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். சிட்டா அடங்கல் நகலும், பயிர் கெட்ட நிலையின் புகைப்படமும் அதில் இருக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதும் மனுவைத் தனியாக எழுதாமல், ஒரே வாய்க்காலை நம்பிய உழவர்கள் சேர்ந்து எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள். பாலாற்றுப் பகுதியில் ஆயிரக்கணக்கான உழவர்களின் இழப்புக்கு வழி பிறந்தது வாய்ப் பேச்சால் அன்று, கணக்கெடுப்பாலும் காகிதத்தாலுமே.

உழவர் பெருமக்களே! அடுத்த பருவ விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. மூன்று மண் தட்டும் முந்நூறு பயறும் ஏழு நாளும் போதும். ஆலைக்கும் நகருக்கும் கீழ்ப்புறம் நிலம் வைத்திருப்போர் விதை வாங்கப் பணம் எடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள். வேர் நன்றாக நீண்டால் நிம்மதியாக விதையுங்கள். நீளாவிட்டால் அந்தப் பருவத்தின் விதைச் செலவை நீர்ப் பரிசோதனைக்கும் மண் பரிசோதனைக்கும் திருப்புங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.